மாதம் ஒரு லட்சத்தில் நின்றுவிட்ட பொடி வியாபாரம்: அடுத்த படிக்கு ஏறுவது எப்படி?

வீட்டில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று அரைத்து விற்பவர்களுக்கு ஒரு கட்டம் வரும். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், வாட்ஸ்அப் குழுக்கள் என்று வியாபாரம் விறுவிறுவென ஏறி, மாதம் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று வந்து நிற்கும். அப்புறம் என்ன செய்தாலும் நகராது. மதுரையில் பொடி செய்து விற்கும் எங்கள் குடும்பமும் அங்கே வெகுநாள் நின்றது. தாண்டி வருவதற்குள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அந்த இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விற்பனை நின்றதும் எல்லோரும் சொல்லும் யோசனை விளம்பரம்தான். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு லட்சம் என்றால் ஆண்டுக்கு 12 லட்சம். அந்த அளவில் மூன்று விஷயங்கள் ஒன்றாக இடிக்கும்: விலையில் கடைக்காரருக்குக் கொடுக்க இடம் இருக்காது, வறுக்க உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது, பெரிய இடத்தில் விற்க உரிமம், பதிவு என்ற காகிதம் இருக்காது. இவற்றைச் சரிசெய்யாமல் புது ஆட்களைக் கூட்டி வந்தால் வேலைதான் கூடும், பணம் கூடாது. கீழே சொல்லும் வரிசையும் முக்கியம், மாற்றிச் செய்தால் செலவு இரட்டிப்பாகும்.

1. ஆறு மாதக் கணக்கை எடுத்து விரியுங்கள்

கடைசி ஆறு மாத ஆர்டர்களை ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், தேதி, என்ன பொடி, எத்தனை பாக்கெட். ஜிபே பட்டியலும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும். எழுதியதும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எந்தப் பொடி பணம் தருகிறது. இருபது வகை செய்பவர்களிடம்கூட மூன்று, நான்கு வகைதான் பெரும்பங்கு விற்பனையைத் தூக்கும். மீதி எல்லாம் 'யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதே' என்று வைத்திருப்பவை. அவற்றை நிறுத்துங்கள். மனசு வராது, ஆனாலும் நிறுத்துங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி லேபிள், தனி ஆய்வகச் சோதனை, தனி இருப்பு என்று பின்னால் செலவு வரிசையாக வரப்போகிறது.

இரண்டாவது, முதல் முறை வாங்கியவர் திரும்ப வந்தாரா. 200 கிராம் பாக்கெட் ஒரு சிறு குடும்பத்துக்குச் சுமார் ஒரு மாதம் வரும். இரண்டு மாதம் கழித்தும் வராதவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 'நல்லா இருந்துச்சு, மறந்துட்டேன்' என்று நிறையப் பேர் சொன்னால் நிம்மதி, நினைவூட்டினால் போதும். 'கொஞ்ச நாளில் சிக்கு வாடை வந்துச்சு' என்று சொன்னால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்றாம் படிக்குப் போங்கள்.

நினைவூட்டுவதில் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சின்னச் சீட்டு ஒன்று வையுங்கள்.

2. விலையை மறுபடி போடுங்கள்

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

200 கிராம் பருப்புப் பொடிக்கு ஒரு மாதிரிக் கணக்கு. பருப்பு, மிளகாய், பூண்டு, பெருங்காயம் எல்லாம் சேர்த்து 46 ரூபாய். கேஸும் அரவையும் 7. பவுச்சும் லேபிளும் 10. கூலி 14. வாடகை, கரண்ட், சோதனை, உரிமம் இவற்றின் பங்கு 6. சிந்தல், கழிவு 3. மொத்தம் 86. உங்கள் ஊரில் எண்கள் மாறும், ஆனால் தலைப்புகள் மாறாது. அந்தக் கூலி 14 ரூபாய் உங்களுக்கும் சேர்த்துத்தான். 'நான்தானே செய்கிறேன், அதற்கு ஏன் கூலி' என்று விட்டால் நாளைக்கு ஆள் வைக்கும்போது லாபம் முழுவதும் அவர் சம்பளமாகப் போகும்.

இதை 130 ரூபாய்க்கு நேரடியாக விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 44 ரூபாய் நிற்கிறது, நல்லதுதான். இப்போது ஒரு கடைக்குக் கொடுங்கள். எங்கள் பக்கம் கடைக்காரர்கள் 20 முதல் 30 சதவீதம் வரை மார்ஜின் கேட்கிறார்கள். 25 என்று எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 97 ரூபாய் 50 பைசா. அதற்குள் 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அதை எடுத்தால் 93 ரூபாய்கூட இல்லை. மிஞ்சுவது 7 ரூபாய்க்கும் குறைவு. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வந்தால் கைக்காசுதான் போகும்.

அதே பொடி 160 ரூபாய் என்றால்? கடை மார்ஜின் போக 120, வரி போக 114 சொச்சம், செலவு போக 28 ரூபாய். விநியோகஸ்தருக்கு 8 சதவீதம் கொடுத்தாலும் 19 ரூபாய்க்குக் கிட்ட நிற்கும். இந்த இடம் இருந்தால்தான் வியாபாரம் உங்கள் தெருவைத் தாண்டும்.

'விலை ஏற்றினால் ஓடிவிடுவார்கள்' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று பாக்கெட் சேர்த்து வாங்கினால் பழைய விலைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு செட் கொடுங்கள். எங்கள் ஊரில் பல கூரியர்களில் ஒரு கிலோ வரை ஒரே கட்டணம்தான். ஒற்றைப் பாக்கெட்டாக அனுப்புவதைவிட செட்டாக அனுப்பினால் அந்தச் செலவிலேயே தள்ளுபடி வந்துவிடும்.

விலையை ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. அச்சடித்த எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டுவது சட்டப்படி தப்பு. குறைக்க ஒட்டலாம், அதிலும் பழைய விலை மறையக்கூடாது. ஆகவே பழைய லேபிள் தீருகிற நேரம் பார்த்து விலையை மாற்றுங்கள்.

3. வறுப்பு உங்கள் கையை விட்டு வெளியே வர வேண்டும்

பொடியின் ருசி அரவையில் இல்லை, வறுப்பில் இருக்கிறது. அதை நீங்கள் ஒருவரே செய்யும்வரை ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வறுக்க முடியுமோ, அதுதான் உங்கள் வியாபாரத்தின் உயரம்.

கைப்பிடி, கண்ணளவு எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றி எழுதுங்கள். அதோடு பதத்தையும் எழுத வேண்டும். 'பொன்னிறமாக வறுக்கவும்' என்று எழுதினால் ஆளுக்கு ஒரு நிறம் வரும். துவரம்பருப்பு வெளியே சிவந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் உடைத்தால் உள்ளேயும் அதே நிறம் தெரிய வேண்டும், கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். இப்படி எழுதிக் கொடுத்தால் புதிதாக வந்த அக்காவும் சரியாக வறுப்பார். வாரக்கணக்கில் பக்கத்தில் நின்று பழக்க வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள்.

அரவையிலும் ஒன்று கவனியுங்கள். எந்திரத்திலிருந்து வரும் பொடி சூடாக இருக்கும். அதை அப்படியே பவுச்சில் கொட்டி சீல் வைத்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். பொடி கட்டி தட்டும், வாசனை போகும், சீக்கிரம் கெட்டும் போகும். அகலமான ஸ்டீல் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புகூட இல்லாதபோது அடையுங்கள். மழைக்காலத்தில் தட்டைத் திறந்து போட்டால் ஈரத்தை இழுக்கும், சுத்தமான துணி போட்டு மூடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள எள்ளுப் பொடி, நிலக்கடலைப் பொடிக்கு இன்னும் கவனம் வேண்டும். அவற்றைச் சிறு சிறு பேட்ச்சாகச் செய்வதே நல்லது.

4. பதிவு வரம்பைத் தாண்டும் முன் உணவு உரிமம்

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு மட்டும் வைத்திருப்பார்கள். 2024இல் ஆண்டு விற்றுவரவு 12 லட்சம் வரை அந்தப் பதிவு போதுமாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் மாநில உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு டன் வரை தயாரிப்பவருக்கு அப்போது ஆண்டுக்கு 3,000 ரூபாய். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் ஃபாஸ்காஸ் என்ற அந்த ஆணையத்தின் விண்ணப்பத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வரம்புக்குப் பயந்தே நிறையப் பேர் வியாபாரத்தை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார்கள். உரிமத்துக்குக் கேட்பதெல்லாம் இவைதான்:

அடையாளச் சான்று, புகைப்படம். இடத்துக்கான ஆதாரம், அதாவது சொந்த இடம் என்றால் வரி ரசீது, வாடகை என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். அளவுகளோடு வரைந்த தயாரிப்புக்கூட வரைபடம். எந்திரங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் குதிரைத்திறனும் கொள்ளளவும் சேர்த்து. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. செய்யப்போகும் பொருட்களின் பட்டியல். உணவுப் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் வரைபடத்தால்தான். எங்களுடையதும் அதனால்தான் திரும்பியது. மூலப்பொருள் வைக்கும் இடம், வறுக்கும் இடம், அரைக்கும் இடம், பாக்கெட் போடும் இடம், கை கழுவும் இடம் எல்லாவற்றையும் தனித்தனியாக நீள அகலத்தோடு காட்டுங்கள். மூலப்பொருள் ஒரு வாசலில் வந்து பாக்கெட் மறுபக்கம் வெளியேறுகிற மாதிரி அம்புக்குறி போடுங்கள். குடும்பத்துக்குச் சமைக்கும் அடுப்படியையே தயாரிப்புக்கூடமாகக் காட்டினால் இந்தக் கட்டத்தில் சிக்கல்தான். ஒரு தனி அறையாவது ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டு விண்ணப்பம் திரும்பினால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பமும் கட்டணமும் போய்விடும். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் வாரம் இருமுறை தளத்துக்குள் போய்ப் பாருங்கள். விதிப்படி உரிமத்துக்கான கால வரம்பு 60 நாள். தண்ணீர்ப் பரிசோதனை, வரைபடம் எல்லாம் சேர்த்து மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொருட்களை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையைத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு பொருளுக்குச் சில ஆயிரம் ஆகும். வகைகளைக் குறைக்கச் சொன்னது இதற்காகவும்தான். வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சான்று வாங்கி வையுங்கள்.

இடையில் மின்சாரம். வீட்டு இணைப்பில் அரவை எந்திரம் ஓட்டாதீர்கள், அபராதம் பெரிதாக வரும். குறுந்தொழிலுக்கென்று 3ஏ(1) என்ற குறைந்த கட்டண வகை இருக்கிறது. உத்யம் என்ற, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவின் சான்றிதழோடு அதைக் கேட்டு வாங்குங்கள். உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

5. ஜிஎஸ்டி: 40 லட்சம் என்று சும்மா இருக்காதீர்கள்

பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது சரிதான். ஆனால் பெங்களூரில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். மாதம் லட்சம் விற்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கி விவரம், இடத்தின் கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதம் போதும். ஆதார் சரிபார்ப்பு ஒழுங்காக முடிந்தால் ஏழு வேலை நாளில் வர வேண்டும். நேரில் பார்க்க வருவார்கள் என்றால் 30 நாள் வரை போகலாம்.

மொத்த விற்பனையில் 1 சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் சுலபமாகத் தெரியும். அதில் சேர்ந்தால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. கூரியரில் நாடு முழுவதும் அனுப்புகிற எண்ணம் இருந்தால் சாதாரண முறையிலேயே எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். விற்பனையே இல்லாத காலத்திலும் தாக்கல் செய்ய வேண்டும், விட்டால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும்.

6. லேபிள்

புது உரிம எண் கைக்கு வரும்வரை லேபிளை அதிகமாக அச்சடிக்காதீர்கள். பதிவு எண் 2 என்ற இலக்கத்தில் தொடங்கும், உரிம எண் 1ல் தொடங்கும். இரண்டும் 14 இலக்கம், ஆனால் வேறு வேறு எண்கள். மாறியதும் பழைய லேபிள் கட்டு குப்பைக்குத்தான்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக மூலப்பொருட்கள், ஊட்டச்சத்து அட்டவணை, சைவம் என்று காட்டும் பச்சைச் சின்னம், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும், பேட்ச் எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, ஒரு கிராமின் விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும். 200 கிராம் 160 ரூபாய் என்றால் ஒரு கிராம் 80 பைசா, அதைத் தனியாகப் போட வேண்டும்.

ஒவ்வாமை வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிலக்கடலை, நெய் எல்லோருக்கும் நினைவு வரும். பெருங்காயம் வராது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். இருந்தால் உங்கள் பொடியிலும் 'கோதுமை உள்ளது' என்று எழுதியாக வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் பருப்புப் பொடியில் அதை எதிர்பார்க்கவே மாட்டார்.

பாக்கெட் போட்டு விற்பவர் என்ற பதிவைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் 500 ரூபாய் கட்டி எடுக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும்.

பெயரையும் இதே நேரத்தில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பொடிகள் வணிகச் சின்னத்தில் 30ஆம் வகுப்பு. உத்யம் சான்றிதழ் இருந்தால் ஆன்லைனில் 4,500 ரூபாய், இல்லையென்றால் நிறுவனங்களுக்கு 9,000. அதே பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று பதிவகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 'பாட்டி', 'அம்மா', 'கிராமத்து' என்று தொடங்கும் பெயர்களுக்கு ஆட்சேபம் வருவது சகஜம். ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். பெயர் பதிவகத்தின் இதழில் வெளியான பின் நான்கு மாதம், மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான காலம்.

7. கடைகள்: பத்துக்கு மேல் வேண்டாம், முதலில்

இயற்கை அங்காடி, பழமுதிர் நிலையம், ஊரில் பேர் பெற்ற மளிகைக் கடை என்று பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை நீங்களே போய் அலமாரியைப் பாருங்கள். பாக்கெட் எந்த உயரத்தில் இருக்கிறது, தூசி படிந்திருக்கிறதா, எந்த பேட்ச் முன்னால் இருக்கிறது என்பதெல்லாம் போனில் தெரியாது.

'விற்றபின் காசு' என்றுதான் தொடக்கத்தில் கேட்பார்கள். முதல் சரக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சரக்கு இறங்கும்போது முதல் சரக்கின் பணம் வர வேண்டும். காலாவதியானதைத் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். எங்களிடம் சரக்கு எடுத்த ஒரு பெரிய அங்காடி மாதக்கணக்கில் பாக்கி வைத்தது. அப்போது கைகொடுத்தது உத்யம் எண்தான். அந்தப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரல் 1 முதல், அப்படிக் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் வாங்கியவர் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண்ணையும் '45 நாள்' என்பதையும் அச்சடித்து விடுங்கள். அவர்கள் ஆடிட்டரே நினைவூட்டுவார்.

8. கடனும் எந்திரமும்

எந்திரத்தை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். பத்துக் கடைகள் மூன்று மாதம் தொடர்ந்து திரும்ப எடுத்தால் வாங்குங்கள். அரவை எந்திரம் காத்திருக்கலாம், வறுப்புதான் நாள் முழுக்க ஆளை இழுக்கும். அதனால் முதலில் வறுக்கும் டிரம், பிறகு அரவை எந்திரம். விற்பவரிடம் உங்கள் பருப்பைக் கொண்டுபோய்ப் போட்டு வறுத்துப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். குறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. திட்டம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். எந்திரத்தின் விலைப்பட்டியல், திட்ட அறிக்கை, ஆறு மாத வங்கிக் கணக்கு, உரிமம் கேட்பார்கள். மானியம் முதலில் கைக்கு வராது, வங்கிக் கடன் கணக்கோடுதான் சேரும். எந்திரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்டால் கிடைக்காது.

9. எந்த மாதத்தில் எதை?

காகித வேலையை ஜனவரியில் தொடங்கினால் சித்திரைக்குள் உரிமமும் லேபிளும் கைக்கு வரும், ஆடி முடிவதற்குள் கடைகளில் சரக்கு நிற்கும், தீபாவளிக்குப் பரிசுப் பெட்டி ஆர்டர் பிடிக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாயும் புதுப் பருப்பும் சந்தைக்கு வருவதும் ஆண்டின் முதல் மாதங்களில்தான். கையில் இருக்கும் பணத்தை அப்போது விளம்பரத்தில் போடாமல் மிளகாயில் போடுங்கள். நன்றாகக் காயவைத்து, ஈரம் படாத சாக்கில் கட்டி வைத்தால் ஐப்பசி வரை விலை ஏற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை.

உரிமம் எடுத்த தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் முந்தைய நிதியாண்டின் உற்பத்தி அறிக்கையை ஃபாஸ்காஸ் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு மட்டும் வைத்திருந்தவரை இது இல்லை என்பதால் முதல் ஆண்டில் பலர் தவறவிடுகிறார்கள். தாமதத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். எத்தனை கிலோ எந்தப் பொடி செய்தீர்கள் என்ற கணக்கை மாதாமாதம் எழுதி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.